ஓரம் தொடாத மெழுகு

அன்று முத்தியால்பேட்டை வீட்டின் முன்னறையில் ஐந்து பேர் இருந்தார்கள்: வீட்டுக்கு உரியவளும், பெண்கள் பள்ளி ஒன்றில் நெடுங்காலம் ரசாயனம் கற்பித்துவிட்டு இப்போது வாசனை மெழுகுவர்த்தி வார்த்து விற்பவளுமான பெர்னதெத், அவளால் வளர்க்கப்பட்டு, அவளோடு சேர்ந்து மெழுகு வார்க்கக் கற்ற தங்கை சிசிலி, சிசிலியைத் திரும்ப அழைத்துப் போக வந்திருந்த கணவன் அந்துவான், அவனைப் பெற்ற மதலேன் அம்மாள், மதலேன் அம்மாளின் தம்பியும், இந்தக் கல்யாணத்தை முன்பு பேசி முடித்தவரும், இப்போது சமரசம் பேச வந்தவருமான சூசைநாதன் மாமா. கார்த்திகை மழை பிடித்துக்கொண்டிருந்ததால் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. நடுமேசையில், அகலமான கண்ணாடிக் குவளை ஒன்றுக்குள் புது மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. நால்வர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலிருப்பதற்காக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதலேன் அம்மாள் மட்டும் தலைக்கு மேலே சுற்றாமல் நின்ற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஃபேனப் போட்டா என்னம்மா, வத்தி கோவிச்சுக்குமா?" என்றாள்.

"சுடர் சாய்ஞ்சிடும் அத்தை. ஒரு பக்கமா உருகும், கண்ணாடியில கரி பிடிக்கும். இது முதல் தடவை ஏத்துறது. ஓரம் தொடுற வரைக்கும் காத்து படக்கூடாது" என்றாள் பெர்னதெத்.

"கேட்டியாடா சூசை? மனுசி வேர்த்து விறுவிறுத்துச் செத்தாலும் பரவால்ல, வத்திக்குக் காத்து பட்டுடக் கூடாதாம்."

"பரீட்சை நடக்குதுக்கா. டீச்சர் வீடு. பேசுனா வெளியில நிக்க வச்சிடுவாங்க, சும்மா ஒக்காரு" என்று சூசைநாதன் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஓரம் தொட்ட பிறகு பேசலாம். வந்தவர்களிடம் பெர்னதெத் முதலில் சொன்னது இதைத்தான். வாருங்கள் என்பதற்குப் பிறகு, உட்காருங்கள் என்பதற்கு முன்னால். அது பொய்யில்லை. முதல் எரிப்பு நடக்கும்போது பேச்சு கிடையாது, எழுந்து நடமாடுவது கிடையாது, கதவைத் திறப்பது கிடையாது என்பது அந்த வீட்டின் சட்டம். அக்காளும் தங்கையும் மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து, கோயிலுக்குப் பூசை காண வந்தவர்களைப் போல வாய் மூடி, சுடரைச் சுற்றி மெழுகு முதலில் ஒரு பொட்டளவும் பிறகு ஒரு வட்டமும் ஆகி, கடைசியில் கண்ணாடியின் உட்சுவர்வரை உருகிப் பரவுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மெழுகு முதல் நாளை மறப்பதில்லை. முதல் முறை ஏற்றும்போது ஓரம்வரைக்கும் உருகவிடாமல் பாதியில் அணைத்துவிட்டால், உருகிய இடத்துக்கும் உருகாத இடத்துக்கும் நடுவே ஒரு வரம்பு விழுந்துவிடுகிறது. அடுத்த முறையும் அதற்கடுத்த முறையும் சுடர் அந்த வரம்பைத் தாண்டாமல் நேர்கீழே இறங்குகிறது. நடுவில் கிணறு வெட்டியதுபோல் குழிந்து, சுற்றிலும் நல்ல மெழுகெல்லாம் சுவராக நின்று வீணாக, திரி தன் குளத்திலேயே மூழ்கி ஒருநாள் அணைந்துபோகிறது. வாங்க வருகிறவர்களிடம் அவள் சலிக்காமல் சொல்வாள்: ஏற்றினால் ஓரம் தொடும்வரை உட்காருங்கள், உட்கார நேரமில்லையென்றால் ஏற்றாதீர்கள், ஒவ்வொரு முறையும் கருகிய திரி நுனியைக் கத்தரித்து, நெல்மணி நீளம் விட்டு ஏற்றுங்கள், வாயால் ஊதாதீர்கள், மூடியால் மூடுங்கள், அடியில் விரற்கடை மெழுகு மிஞ்சும்போது நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் எரித்தால் கண்ணாடி விரிசல் விடும். தலையாட்டிவிட்டுப் போவார்கள், போய், மின்விசிறிக்கு அடியில் ஏற்றி, ஃபோன் வந்ததும் ஊதி அணைப்பார்கள். இருக்கட்டும். அவர்களை விடு. இன்று இதை நீ ஏற்றியது எதற்கு? வாசலில் கார் ஹாரன் கேட்டது. கேட்டதும் அவள் கை அலமாரிக்குப் போயிற்று, ஆறவைத்திருந்த குவளைகளில் ஒன்றை எடுத்தது, தீக்குச்சியைக் கிழித்தது. இன்று சோதிப்பதாக இருந்ததா? இல்லை. அடுத்த வாரம் சோதித்தால்கூட கிறிஸ்துமஸ் விற்பனைக்குப் போதும். கை செய்ததைப் பின்னால் வந்த புத்தி பார்த்தது. பார்த்து, நல்லது, ஓரம் தொடும்வரை அவகாசம் கிடைத்தது என்று எண்ணிக்கொண்டது. எதற்கு அவகாசம்? சொல்லவேண்டியது ஒரே ஒரு வாக்கியம். ஒரு வாக்கியம் சொல்ல அவகாசம் எதற்கு?

இவள் இங்கேதான் இருப்பாள். அவ்வளவுதான் அந்த வாக்கியம். அதைக்கூட அவள் சொந்தமாக யோசிக்கவேண்டியதில்லை. காலையில் திரி கத்தரித்துக்கொண்டிருக்கும்போது சிசிலியே சொல்லிக் கொடுத்துவிட்டாள். "இன்னைக்கு வராங்களாம்க்கா, மாமா ஃபோன் பண்ணாரு" என்றாள், கத்தரிக்கோலிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவங்க முன்னாடி நான் ஒரு வார்த்த பேசமாட்டேன். 'இவ இங்கதான் இருப்பா'ன்னு நீ சொன்னா இருக்கேன். சொல்லலன்னா அவங்களோட கெளம்பிடுவேன். அதுக்கப்புறம் ஆள் அனுப்பாத, ஃபோன் பண்ணாத." பெர்னதெத்துக்குக் கோபம் வந்தது. "ஏன், அத நீயே சொல்றதுதான? வாய் இருக்குல்ல?" சிசிலி அடுத்த திரியை எடுத்தாள். "இருக்கு. வந்த அன்னைக்கு நீ ஒண்ணு கேட்ட பாரு, 'எத்தன நாளைக்கு?'ன்னு. அதுக்கப்புறமும் நானா எப்படிக்கா சொல்றது?" எத்தனை நாளைக்கு. கேட்டது உண்மை. எந்த நிலையில் கேட்டாள் என்பதை யார் விசாரிப்பது? அன்றும் இதே போல மழை. அடுப்பில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் இறக்கிய சின்னப் பாத்திரத்தில் மெழுகு உருகித் தெளிந்து, எண்ணெய் சேர்க்கிற பதத்துக்கு வந்துகொண்டிருந்தது. சூடு தாண்டினால் வாசனை எண்ணெய் ஆவியாகிப் போகும், ஆறிவிட்டால் மெழுகோடு சேராமல் அடியில் தங்கும். நடுவில் கிடைக்கிற அந்தச் சிறு பொழுதில் ஊற்றி, நுரை எழாமல், நிதானமாகக் கிளறவேண்டும். வெப்பமானியில் கண்ணும் கரண்டியில் கையுமாக அவள் நின்றபோதுதான் பின்னால் கதவு திறந்தது, ஈரத்துணி வாசம் வந்தது, பை ஒன்றைத் தரையில் வைக்கிற சத்தம் வந்தது. அவள் திரும்பவில்லை. திரும்பியிருக்க முடியாது. சிசிலி என்று தெரிந்தது. நாலு நாள் தங்குவதானால் மறுநாள் இன்னும் ஒரு மூட்டை மெழுகை உடைத்து உருக்கலாமே என்ற கணக்கு மனத்தில் ஓடியது. எத்தனை நாளைக்கு என்று கேட்டாள். கேள்வியில் வேறொன்றும் இல்லை. வேறொன்றும் இல்லையா? குரலில் என்ன இருந்தது என்று குரலுக்குரியவளால் கேட்க முடிவதில்லை. கிளறி முடித்து, குவளைகளில் வார்த்து, மேல்தோல் படிந்த பிறகு திரும்பிப் பார்த்தபோது, சிசிலி தலை துவட்டி, சேலை மாற்றி, திரிகள் நடுவில் நிற்கின்றனவா என்று குச்சி வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கேள்வி மட்டும் வீட்டில் ஆணி போல ஒரு இடத்தில் அடித்திருந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முந்தானை மாட்டியது.

பெர்னதெத் நிமிர்ந்து எதிரே பார்த்தாள். அந்துவான் முழங்கால்மேல் கைகளைக் கோத்து, ஆலோசனைக்கு அழைக்கப்பட்டவன் போல அடக்கமாக உட்கார்ந்திருந்தான். கெட்டவன் இல்லை, தொல்லையே அதுதான். குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை, ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறுவதில்லை, ஃப்ரிட்ஜும் மின்விசிறியும் விற்கிற கடையை ஒழுங்காக நடத்துகிறான். அவனுக்கு வாசனை ஆகாது, தலை வலிக்கும். கல்யாணத்துக்குப் பிறகும் சிசிலி தினமும் இங்கே வந்து வேலை செய்துவிட்டுப் போவாள் என்பது முன்பே பேசியதுதான். அதை அவன் மறுக்கவுமில்லை. வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு அடுக்களைக்குள் வா என்றான். சரி, அது நியாயம். குளித்த பிறகும் சேலையில் வருகிறது, மற்றத் துணிகளோடு ஒரே கொடியில் போடாதே என்றான். அதுவும் போகட்டும். குளியலறையில் வாசனை தங்கிவிடுகிறது, கொல்லைக் குழாயடியில் குளி என்றான். பிறகு தலைமுடி. பிறகு அவளுக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர். தட்டுக்கும் தலைவலிக்கும் என்ன சம்பந்தம் என்று சிசிலி கேட்டபோது, "ஒன் கை பட்டது எல்லாத்துலயும் வருது, நான் என்ன செய்ய?" என்று நிஜமான வருத்தத்தோடு கேட்டானாம். பிறகு படுக்கை. ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு நூல்தான் அதிகம். எந்த நூலில் நிறுத்து என்று சொல்லியிருக்கவேண்டும்? கடைசியாக, வேலை முடித்து மழையில் நனைந்து போனவளைக் கொல்லைக் கதவுக்கு வெளியே நிறுத்தி, கொட்டுகிற மழைக்கு நடுவில் குழாயடியில் குளிக்கச் சொன்னார்கள். மதலேன் அம்மாள் குடை பிடித்துக்கொண்டு, தனக்குத்தான், பக்கத்தில் நின்று, "பிடரியில தேயி, அங்கதான் ஒட்டிக்கிட்டு நிக்குது" என்றாளாம். மறுநாள்தான் சிசிலி பையோடு வந்தாள். இதையெல்லாம் அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. குவளைகளைத் துடைத்துக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னாள். கேட்ட பெர்னதெத் என்ன சொன்னாள்? சிலருக்கு உண்மையாகவே ஒத்துக்கொள்ளாது, எங்கள் பள்ளியில் ஒரு ஆசிரியைக்குப் பிள்ளைகள் பூசி வருகிற சென்ட் பட்டாலே கண் இருண்டுவிடும் என்றாள். அது உண்மை. அந்த ஆசிரியை வகுப்பிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டு ஓடியதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். உண்மையைத்தான் சொன்னாள். சிசிலி குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

வட்டம் பாதிக்கு மேல் வந்திருந்தது. மூடிய அறையில் புழுக்கம் கனத்தது. மழையின் இரைச்சல் ஒரே சீராக இருந்ததால் அது கேட்கிறது என்பதே மறந்துபோயிருந்தது. மதலேன் அம்மாள் முந்தானையால் விசிறிக்கொள்ளப் போனவள், பெர்னதெத்தின் பார்வையைக் கண்டு கையை மடியில் போட்டாள். "வேர்க்குதுதான். ஆனாலும் ஒண்ணு சொல்லணும், நல்ல வாசனையா இருக்குதும்மா" என்றாள் மனதார. "என்ன பூவு இது? தெரிஞ்ச வாசனதான், பேரு வரமாட்டேங்குது."

"மரிக்கொழுந்தும்மா" என்றான் அந்துவான். மூக்கை லேசாக உயர்த்தி இன்னொரு மூச்சு இழுத்தான். "அடியில வெட்டிவேர் வருது பாரு."

"அட, ஆமாண்டா. கல்யாண வீட்டுக்குள்ள நொழஞ்ச மாதிரி இருக்குது."

"வியாபாரம் சும்மாவா நடக்குது?" என்றார் சூசைநாதன். "டீச்சர் கைப்பக்குவம்."

சிசிலி அசையவில்லை. கண்கள் மட்டும் சுடரிலிருந்து எழுந்து அந்துவானின் முகத்துக்குப் போய், அங்கே கொஞ்சம் நின்று, பிறகு மேசையைக் கடந்து அக்காளிடம் வந்தன. அந்துவான் அந்தப் பார்வையைக் கண்டானோ என்னவோ. சற்றுப் பொறுத்து வலது கையைத் தூக்கி, பெருவிரலால் நெற்றிப் பொட்டை அழுத்திக்கொண்டான்.

பெர்னதெத் அந்தக் கையைப் பார்த்தாள். வலிக்கவில்லை. இவனுக்குத் தலை வலிக்கவில்லை. ஜன்னல் சாத்திய அறையில், மின்விசிறி இல்லாமல், எரிகிற மெழுகுக்கு எதிரே இத்தனை நேரம் உட்கார்ந்திருக்கிறான், வாசனையை ரசிக்கிறான், மேலே எது, அடியில் எது என்று பிரித்துச் சொல்கிறான். அப்படியானால் தட்டு? டம்ளர்? கொட்டுகிற மழையில் குழாயடி? வாசனை இல்லை, வாசனையாக எப்போதும் இருந்ததில்லை; சிசிலிதான், இவனுக்கு ஆகாதது சிசிலிதான். இதோ சொல்லிவிடலாம். ஓரம் தொட வேண்டியதில்லை. அந்துவான், தலை எப்படி இருக்கிறது என்று ஒரு கேள்வி. அதன் பின்னாலேயே அந்த வாக்கியம். நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது. அந்த நேரத்தில் கண், பழக்கம் விடாத கண், குவளைக்குப் போயிற்று. வட்டம் நகரவில்லை. முன்பு எங்கே நின்றதோ அங்கேயே நின்றது. ஓரத்துக்கும் அதற்கும் நடுவே விரல் அகலத்துக்கு வெள்ளை மெழுகு அப்படியே கட்டியாக இருந்தது. சுடர் சிறியது, அதன் வால் ஒல்லியாக, உயிரில்லாமல் நின்றது. திரி மெல்லியது. இந்த அகலக் குவளைக்குப் பருத்த திரி வேண்டும் என்று முடிவு செய்து, மெல்லிய திரி போட்டவற்றைக் கழித்து வைத்திருந்தார்கள். கழித்ததில் ஒன்றைத்தான் கார் சத்தம் கேட்ட அவசரத்தில் அவள் கை எடுத்திருக்கிறது. அடியில் சிசிலி மையால் போட்ட பெருக்கல் குறி இருக்கும். எரிகிற குவளையைத் தூக்கிப் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். இது ஓரம் தொடாது. இன்று முழுக்க எரிந்தாலும் தொடாது. அதோடு போயிற்றா? உருகிய பரப்பு எவ்வளவோ அவ்வளவுதான் வாசனை எழும். பாதிப் பரப்பு உருகியிருக்கிறது, பாதி வாசனைகூட வந்திருக்காது. பூத்தொடுப்பவள் தெருவில் கடந்து போன அளவுக்குத்தான் வந்திருக்கிறது. இந்த அளவுக்குத் தலை வலிக்கவில்லை என்றால், நாள் முழுக்க எண்ணெயில் கை வைத்தவள் பக்கத்தில் வரும்போதும் வலிக்காது என்று எப்படிச் சொல்வது? அளவு வேறு. அளவு வேறானால் விளைவு வேறு. முப்பது பிள்ளைகள் முன்னால் நின்று எத்தனை வருஷம் இதைச் சொல்லியிருக்கிறாள்: சோதனை சரியில்லையென்றால் முடிவைச் சொல்லாதே. இப்போது நெற்றியை அழுத்துகிறானே, அது வலியா, வலிக்கவேண்டும் என்பது நினைவுக்கு வந்ததா? வெளியிலிருந்து பார்க்கிறவளுக்கு இரண்டும் ஒரே கைதான். பருத்த திரி போட்ட குவளையாக இருந்திருந்தால் இந்நேரம் தெரிந்திருக்கும். சிசிலிக்கு? சிசிலிக்கு ஏற்றிய உடனே தெரிந்திருக்கும். சுடரின் உயரத்தைப் பார்த்தே திரியைச் சொல்கிறவள். தெரிந்தும் பேசாமல் இருக்கிறாள். எதற்காக இருக்கிறாள்? அக்காள் வேண்டுமென்றே இதை எடுத்தாள், ஓரம் தொடவே தொடாத ஒன்றைத் தேடி எடுத்து நடுவில் வைத்தாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாளா? இல்லை என்று எப்படிச் சொல்வது? எந்தக் கை எடுத்தது என்று கைக்குரியவளுக்கே நிச்சயமில்லை.

இன்னொன்றும் இருந்தது, எல்லாவற்றுக்கும் அடியில், கரையாமல். சிசிலி இருந்தால் யாருக்கு நல்லது? சிசிலி வேலை முடித்துப் போய்விடுகிற நாட்களில் இந்த வீட்டில் சாயங்காலம் விளக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு வேளை வரும். எந்த அறையில் இருந்தாலும் அடுத்த அறை காலியாக இருப்பது காதில் விழும். வார்த்து முடித்த கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, யாரிடமாவது எதையாவது சொல்லவேண்டும் என்று வாய் திறந்து, சொல்ல ஒருவரும் இல்லாமல், "சூடு கொஞ்சம் அதிகமாயிடுச்சு" என்று சுவரிடம் சொல்லியிருக்கிறாள். அதைத் தானே கேட்டு அருவருத்திருக்கிறாள். மூக்கு மந்தமாகி வருகிறது. எந்த எண்ணெயோடு எதைச் சேர்ப்பது என்பதற்கு இனிச் சிசிலியைத்தான் நம்பவேண்டும். முழங்கால் குனிய மறுக்கிறது. காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்க ஆள் வேண்டும். இத்தனையும் வைத்துக்கொண்டு, இவள் இங்கேதான் இருப்பாள் என்று சொன்னால், சொல்வது யார்? தங்கையின் துயரம் பொறுக்காத அக்காளா, கிழட்டுத் தனிமைக்குத் துணை பிடிக்கிறவளா? தன் தேவையை அடுத்தவருடைய நியாயமாக எடுத்துப் பேசுகிறவர்களை அவள் வாழ்நாள் முழுக்க வெறுத்து வந்திருக்கிறாள். இரு என்று ஒருவரிடமும் அவள் கேட்டதில்லை. அம்மா போனபோதும் அழுதாளே தவிரக் கெஞ்சவில்லை. கெஞ்சாத வாயிலிருந்து அந்த வாக்கியம் எப்படிச் சுத்தமாக வெளிவரும்? சுத்தமாக வரவேண்டும் என்று யார் கேட்டார்கள்? சிசிலி கேட்கவில்லை. சிசிலி வாக்கியத்தைத்தான் கேட்டாள், அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. அப்படியானால் சொல். சொல்கிறேன். ஓரம் தொட்டதும். ஓரம் தொடாது. தெரியும்.

"என்னம்மா டீச்சர், தொட்டுடுச்சா?" சூசைநாதன் எழுந்து வந்து குவளைக்கு மேல் குனிந்தார். மூச்சில் சுடர் நடுங்கியது. "எனக்கென்னமோ அங்கயே நிக்கிற மாதிரி இருக்குது."

"இன்னும் இல்ல மாமா."

"மழ வலுக்குதும்மா. வழியில அந்தக் கால்வாய் பெருகுச்சுன்னா கார் போவாது." அவர் குரலைத் தாழ்த்தினார். "பேசறதுக்கு அப்படி என்ன இருக்குது? பையன் கையோட கூப்பிட்டுப் போக வந்துட்டான். பெரிய மனசோட நீ 'போய் வா'ன்னு ஒரு வார்த்த சொல்லு, இல்ல வேற ஏதாவது சொல்லணும்னாலும் சொல்லு. நாங்க என்ன காதப் பொத்திக்கிட்டா வந்திருக்கோம்?"

வேறு ஏதாவது. கதவைத் திறந்து கொடுத்துவிட்டார் மனிதர். நால்வரும் அவளைப் பார்த்தார்கள், சிசிலிகூடப் பார்த்தாள். பெர்னதெத் குவளையைப் பார்த்தாள். "இன்னும் ஓரம் தொடல" என்றாள்.

"சரிதான்" என்றாள் மதலேன் அம்மாள், முழங்காலில் கை ஊன்றி எழுந்தபடி. "படிச்சவங்க வீட்டுல வாய்ச்சொல்லு சிக்கனம். சொல்லலன்னா சம்மதம்னு எடுத்துக்க வேண்டியதுதான். டேய், வண்டிய வாசல்கிட்ட கொண்டா. எனக்குக் கால் நனைஞ்சா ராத்திரி பூரா இழுக்கும்."

"வரேன் அண்ணி" என்று பெர்னதெத்திடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு அந்துவான் போனான். நெற்றியிலிருந்து கையை எப்போதோ எடுத்திருந்தான். கார் உறுமி, பின்னால் நகர்ந்து, வாசற்படிக்கு நேராக வந்து நின்றது. சூசைநாதன் கதவை அகலத் திறந்து, குடையை விரித்து, மதலேன் அம்மாளுக்குப் பிடித்தபடி அவளோடு படியிறங்கினார். அறையில் சகோதரிகள் இருவரும் மிஞ்சினார்கள். திறந்த கதவு வழியாகப் பெர்னதெத் பார்த்தாள். அந்துவான் காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, குனிந்து, இருக்கையின்மேல் எதையோ விரித்துக்கொண்டிருந்தான். கெட்டியான பாலிதீன், புது ஃப்ரிட்ஜைச் சுற்றி வருமே, அது. இருக்கையின் அளவுக்கு வெட்டி, மடித்து, வீட்டிலிருந்தே எடுத்து வந்திருக்கிறான். இருக்கை முழுவதும் அல்ல; ஒருவர் உட்காருகிற இடத்துக்கு மட்டும். மூலைகளைக் கவனமாகச் செருகி, சுருக்கமில்லாமல் உள்ளங்கையால் நீவிவிட்டான். மதலேன் அம்மாள் மறுபக்கம் சுற்றிப் போய், விரிப்பில்லாத இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். இந்தச் சோதனைக்குத் திரி வேண்டியதில்லை. அளவு வேண்டியதில்லை. இதோ இருக்கிறது முடிவு, ஒரு குழந்தைக்குக்கூட விளங்கும் முடிவு, இத்தனை நேரம் மேசைக்கு நடுவில் தேடியது வாசலில் மழையில் பளபளத்துக்கொண்டு கிடக்கிறது. பெர்னதெத் எழுந்தாள். வாக்கியம் முழுதாக, சுத்தமாக, தொண்டைவரை வந்துவிட்டது. அந்த நேரத்தில் காற்று மழைச்சாரலோடு உள்ளே அடித்தது. சுடர் படுத்து, ஒரு பக்கமாக நக்கி, கண்ணாடியில் கருங்கோடு இழுத்தது. அவள் உள்ளங்கைகள் இரண்டும், யாரையும் கேட்காமல், குவளையைச் சுற்றி வளைந்துகொண்டன.

"கதவு" என்றாள் அவள். "காத்து வருது, கதவு."

சிசிலி எழுந்து மேசையருகே வந்து நின்றாள். சுடரைப் பார்த்தாள், அதைச் சுற்றி நின்ற நகராத வட்டத்தைப் பார்த்தாள், அதைக் காத்துக்கொண்டிருந்த இரண்டு கைகளையும், அவற்றின் நரம்புகளையும் பார்த்தாள். அக்காளின் முகத்தைப் பார்க்கவில்லை. பையை எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்; போகும்போது, முதல் எரிப்பு நடக்கிற வீட்டில் எப்படிச் செய்யவேண்டுமோ அப்படியே, தாழ்ப்பாளை விரலால் தூக்கிப் பிடித்து, சுடர் அசையாதபடி கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனாள்.